கார்ப்பரேட் மருத்துவமனைகளில் நோயாளி ஏன் படுக்கை எண்ணாகிவிடுகிறார்?

பெரிய தனியார் மருத்துவமனைகளில் டாக்டர்கள் முகம் பார்த்துப் பேசுவதே இல்லை, இரக்கமே போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரக்கம் இருக்கிறதா என்பதைவிட, அங்கே எதை எண்ணுகிறார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். நோயாளி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கும் நேரத்துக்கு பில்லில் இடமே கிடையாது.

பங்குச் சந்தையில் உள்ள மருத்துவமனை நிறுவனங்கள் காலாண்டுதோறும் வெளியிடும் எண்களில் முக்கியமானது, நிரம்பிய ஒரு படுக்கை ஒரு நாளில் ஈட்டும் சராசரி வருமானம். துறைக்குள் ஆர்பாப் என்பார்கள். கூடவே, நோயாளி தங்கும் சராசரி நாள்கள். முழங்கால் மாற்று அறுவைக்கு ஐந்து நாளில் 2,50,000 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம், நாளுக்கு 50,000. மூன்று நாளில் அனுப்பிவிட்டால் பில் 2,40,000 ஆகக் குறைந்தாலும் நாளுக்கு 80,000. தியேட்டர், இம்ப்ளான்ட், ஸ்கேன் எல்லாம் தொடக்கத்திலேயே முடிந்துவிடுவதுதான் காரணம். எழுந்து நடக்கப் பயப்படுபவருக்குத் தைரியம் சொல்லும் நான்காம் நாளில் வருமானம் குறைவு. சீக்கிரம் வீடு திரும்புவது பலருக்கு நல்லதே, தொற்று அபாயம் குறையும். தனியாக வசிக்கும் 75 வயதுப் பாட்டிக்கும் அதே கணக்கைப் போடுவதுதான் கொடுமை.

புதிதாகச் சேரும் கன்சல்டன்டுக்குப் பல இடங்களில் முதல் ஓரிரு வருடம் மினிமம் கேரண்டி, அதாவது உறுதியான குறைந்தபட்சத் தொகை, பிறகு கட்டணத்தில் பங்கு. ஓபிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் அட்மிட் ஆனார்கள் என்று கணக்குக் கேட்கும் நிர்வாகங்களும் உண்டு. ஒரு மருத்துவரிடம் கேட்கவே கூடாத கேள்வி அது.

மூன்று மணி நேர ஓபியில் 30 பேர் என்றால் ஆளுக்கு 6 நிமிடம். பழைய ரிப்போர்ட், கணினிப் பதிவு, மருந்துச் சீட்டு போக மிஞ்சுவது சொற்பம். அதனால்தான் டாக்டர்களான நாங்கள் குறுக்கிடுகிறோம். 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 நொடியில் டாக்டர் இடைமறித்திருந்தார். 2002இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில் இடைமறிக்காமல் விட்டுப் பார்த்தார்கள்: சராசரி 92 நொடி. நான்கில் மூன்று பேருக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே முடித்துக்கொண்டார்கள். அந்த இரண்டு நிமிடத்தை மறுத்தால் என்ன ஆகும்? “நெஞ்சு எரியுது டாக்டர்” என்று ஆரம்பித்தவர், “மாடிப்படி ஏறும்போது மட்டும்” என்று சொல்வதற்குள் கேஸ் மாத்திரை எழுதப்பட்டிருக்கும். அது இதய வலியாக இருக்கலாம்.

வார்டில் நர்ஸுக்கும் இதே நெருக்கடி. விழும் அபாயம், படுக்கைப்புண் அபாயம், வலி 0 முதல் 10 வரை என்று படிவங்கள். நல்ல நோக்கத்தில் வந்தவைதான். ஆள் பற்றாத வார்டில், கேட்காமலே வலிக்கு 2 என்று நிரப்பும் நிலை வந்துவிடுகிறது. கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் வெளியிட்ட பணிச்சோர்வு அளவுகோலில் உள்ள மூன்று கூறுகளில் ஒன்று, எதிரே இருப்பவரை ஆளாக உணராமல் மரத்துப்போவது. ஆகவே கடுகடுப்பான டாக்டரைக் கெட்டவர் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஐசியு பார்வை நேரத்தில் உறவினர்கள்கூட நோயாளியின் முகத்தை விட்டு மானிட்டரைத்தான் பார்க்கிறார்கள். அவர் கையைப் பிடியுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அட்மிஷன் அன்றே முதன்மை கன்சல்டன்ட் யார், ரவுண்ட்ஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல துறை டாக்டர்கள் வந்துபோகும்போது ஒருவர் நிறுத்திய மருந்தை இன்னொருவர் தொடர்வதெல்லாம் நடக்கும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். நேற்றைக்கு இன்று என்ன மாற்றம், இந்தப் பரிசோதனையின் முடிவால் சிகிச்சை மாறுமா, வீட்டுக்குப் போக எது சரியாக வேண்டும் என்ற மூன்றையும் தினமும் கேளுங்கள். இடைக்கால பில்லும் கேளுங்கள். சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி.

டிஸ்சார்ஜ் அன்று அரை நாள் காக்கவைப்பதற்குக் காரணம் வரிசை: சம்மரி, மீதி மருந்தைத் திருப்புதல், இறுதி பில், காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்மைக் கவனிக்கும் டிபிஏவின் ஒப்புதல். சம்மரி வரைவை முந்தின மாலையே தயாரிக்கச் சொல்லுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, மருத்துவமனையின் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் அந்த நிறுவனமே ஏற்க வேண்டும். டாக்டர் “போகலாம்” என்று சொன்ன நேரத்தை வைத்து இந்த 3 மணி நேரம் கணக்கிடப்படுவதில்லை. பில்லிங் கவுன்டரில் கோரிக்கை எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.