மழைக் கதை நேரம்: பத்து நிமிடத்தில் எழுந்து ஓடும் குழந்தைகள்

வணக்கம். உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் மழையைக் கருவாக வைத்து மூன்று கதைகளைத் தொடர்ந்து வாசித்தபோது, மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் பத்து நிமிடத்தில் எழுந்து ஓடியதாகவும், பெற்றோர் கைப்பேசியில் மூழ்கியதாகவும் எழுதியிருந்தீர்கள்.

கருவில் குறையில்லை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் வடகிழக்குப் பருவமழை என்பதால், சன்னலுக்கு வெளியே கண்டதையே குழந்தைகள் கதையிலும் காண்பார்கள். மூன்று கதைகளை அடுக்கியதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். திரும்பத் திரும்ப ஒரே வரி வரும் நீளமான கதையை, கவனம் கலையாத தொடக்கத்திலேயே வாசித்து, அந்த வரியைப் பெற்றோரும் சேர்ந்து சொல்லும்படி கேளுங்கள். பிறகு விரல்நுனியால் தரையில் தட்டித் தூறலையும், உள்ளங்கையால் தொடையில் தட்டி ஐப்பசி அடைமழையையும் எல்லோரும் எழுப்பினால், ஓடத் துடிக்கும் உடலுக்கும் வேலை கிடைக்கும், பெரியவர்களின் கையும் கைப்பேசியை விட்டு விலகும். இரண்டாவது கதை மிகச் சிறியதாக இருக்கட்டும், மூன்றாவது வேண்டாம். இறுதியில் காகிதக் கப்பல் செய்யலாம். தண்ணீர்த் தொட்டியை மட்டும் புத்தக அடுக்குகளுக்கு அருகில் வைத்துவிடாதீர்கள்.