மற்றவர்களின் கணக்கை முடிக்கிறேன், என் கணக்கைத் திறக்கப் பயம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 49. ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 22 வருடமாக வேலை. யாராவது ஓய்வு பெற்றால் அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கணக்குப் போட்டு, கையெழுத்து வாங்கி, ஃபைலை மூடுவது என் பொறுப்பு. போன மாதம் எங்கள் பிரிவின் மூத்தவர் ஒருவர் ஓய்வு பெற்றார். அவருடைய செட்டில்மென்ட் தாளில் கடைசி வரியை டைப் செய்யும்போது என் கை நின்றுவிட்டது. அந்த இடத்தில் என் பெயர் இருந்தால் என்ன தொகை வரும்?

அன்று இரவு போனில் ஓய்வுக்கால கால்குலேட்டர் ஒன்றில் எதையோ போட்டுப் பார்த்தேன். ‘பற்றாக்குறை’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு தொகை வந்தது. பூஜ்ஜியங்களை விரல் வைத்து எண்ணினேன். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பத்து வருடம் முன்பு அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக இருந்த சேமிப்பை எல்லாம் எடுத்தேன். அதில் வருத்தமே இல்லை. ஆனால் அதன் பிறகு எதுவும் சரியாகச் சேரவில்லை. வீட்டுக்கடன், மகளின் படிப்பு என்று போய்க்கொண்டே இருக்கிறது. கணக்கு அறிக்கைகள் தபாலில் வரும். பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுவேன். கவர்கள் ஒரு சாண் உயரத்துக்குச் சேர்ந்துவிட்டன. கணவருக்கு இது தெரியாது. “நீதான் கணக்குப் புலியாச்சே” என்று எல்லாவற்றையும் என்னிடமே விட்டுவிட்டார்.

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சாகும்வரை வேலை பார்க்க வேண்டியதுதானா? இல்லை, மகளுக்குப் பாரமாகிவிடுவேனா?

— கணக்குப் பிரிவிலிருந்து ஒருத்தி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 22 வருடம் எண்களோடு வாழ்ந்தவர் எழுதிய கடிதம், பணத்தைப் பற்றியது, ஆனால் அதில் ஒரு தொகைகூட இல்லை. கையிருப்பு எவ்வளவு, கடன் எத்தனை வருடத்தில் முடியும், மாதச் செலவு என்ன, எதுவுமே இல்லை. ஓய்வு பெற முடியுமா என்ற கேள்விக்கு இன்றைக்கு உங்களிடமும் பதில் கிடையாது, என்னிடமும் கிடையாது. மூன்று மணிக்கு உங்களை எழுப்புவது பற்றாக்குறை இல்லை, அந்த ஒரு சாண் கவர்கள்.

இது உங்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று நினைக்காதீர்கள். ‘நெருப்புக்கோழி விளைவு’ என்று இதற்குப் பெயரே உண்டு. சந்தை இறங்கும் நாட்களில் முதலீட்டாளர்கள் தங்கள் கணக்கை எட்டிப் பார்ப்பதே குறைந்துவிடுகிறது என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. (நெருப்புக்கோழி உண்மையில் மணலில் தலையைப் புதைப்பதில்லை. பாவம், அதற்கு வீண் பழி.) பார்க்காமல் இருந்தால் அந்த நேரத்துக்கு நிம்மதி. அதனால்தான் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் பிரிக்காத கவருக்குள் இருக்கும் தொகைக்கு எல்லை கிடையாது; மனம் எவ்வளவு மோசமாக வேண்டுமானாலும் அதை நிரப்பிக்கொள்ளும்.

அந்தச் சிவப்புத் தொகைக்கு வருகிறேன். ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேமிப்பு வேண்டும் என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதன் வேர், அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் எழுதிய ஒரு கட்டுரை. ஓய்வு பெற்ற முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 வருடம் தாங்குமா என்று அந்த நாட்டுச் சந்தையின் பழைய கணக்கை வைத்துப் பார்த்தார். தாங்கியது. நூறை 4-ஆல் வகுத்தால் 25, அந்த 25 மடங்கு இதிலிருந்து வந்ததுதான். வேறு வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் நம்பியிருப்பவருக்கான அளவுகோல் அது. உங்கள் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு இல்லை.

நீங்கள் அந்தக் கால்குலேட்டரில் இன்றைய செலவை அப்படியே போட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம். அதற்குள் வீட்டுக்கடன் தவணை இருக்கிறது, மகளின் கட்டணம் இருக்கிறது. உங்கள் 60 வயதில் இவற்றில் எது மிச்சம் இருக்கும்? ஒரு கணக்கரிடம் போய் இதைக் கேட்கிறேன்!

அதற்காக எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லப்போவதில்லை. மருத்துவச் செலவு கூடத்தான் செய்யும். எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தோராயமாக அறிய, 72-ஐ வருடாந்திர ஏற்றத்தின் சதவீதத்தால் வகுக்கும் குறுக்குவழி உண்டு. விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால், 72-ஐ 6-ஆல் வகுத்துப் பாருங்கள், 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். பற்றாக்குறை உண்மையிலேயே இருக்கலாம். இருந்தாலும் அதை ஓரளவு குறைக்க வழி உண்டு. இரண்டு வருடம் கூடுதலாக வேலை பார்த்தால் சேமிப்பு கூடும், இருப்பது வளர நேரம் கிடைக்கும், அதை வைத்துச் சாப்பிட வேண்டிய வருடமும் குறையும். அந்த இரண்டு வருடம் முழுநேர வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. சாகும்வரை வேலை என்பதற்கும் நாளைக்கே ஓய்வு என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

சேமிப்பைப் பற்றி இன்னொன்று. கையில் இருப்பதைக் குறைத்தால் மனம் அதை இழப்பாக எடுத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். இன்னும் கைக்கு வராத பணத்தில் கைவைத்தால் அவ்வளவு வலிக்காது. பொருளாதார அறிஞர்களான ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இனி வரும் ஒவ்வொரு சம்பள உயர்விலும் ஒரு பங்கு தானாகச் சேமிப்புக்குப் போகட்டும் என்று ஊழியர்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கினார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. உங்கள் அடுத்த உயர்வுக்கு முன்பே இதை ஏற்பாடு செய்துவிடுங்கள். எதில் போடுவது என்பதற்கு நான் ஆள் இல்லை. தகுதியுள்ள நிதி ஆலோசகரைக் கேளுங்கள்.

அந்த மூன்று மணிக்கு: படுக்கைப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிற கவலையை ஒரே வரியில் எழுதி, ‘நாளை மாலை’ என்று பக்கத்தில் குறித்துவிட்டுப் படுங்கள். மாலையில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் அந்த வரிகளோடு உட்காருங்கள். கவலைக்கு இப்படி நேரம் ஒதுக்கும் முறையை 1983-இலேயே சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். சில வாரங்களில் தூக்கம் சீராகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவுக்குக் கொடுத்ததில் வருத்தமே இல்லை என்கிறீர்கள். சில வரி தள்ளி, மகளுக்குப் பாரமாகிவிடுவேனா என்கிறீர்கள். அம்மா உங்களுக்குப் பாரமாக இருந்தாரா? மகளை நம்பி உட்கார்ந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு தராசு, மற்றவர்களுக்கு வேறு தராசு வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கணவரிடம் சொல்லுங்கள். ‘கணக்குப் புலி’ என்ற பட்டம் பெருமையாகத் தெரியலாம். உங்களைத் தனியாக மாட்டிவிட்டதும் அதுதான். தொகையைச் சொல்ல வேண்டாம், அது உங்களுக்கே தெரியாதே. “கவரைப் பிரிக்கப் பயமாக இருக்கிறது” என்று மட்டும் சொல்லுங்கள். வருகிற விடுமுறை நாளில் இருவரும் மேஜையில் உட்காருங்கள். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்கட்டும். நீங்கள் அதிலுள்ள கடைசி வரியை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். கூட்டல் அன்றைக்கு வேண்டாம்.