1502-இல் நிற்கும் ரேட்டிங்: 45,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. திண்டுக்கல்லில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக செஸ் ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) தரும் போட்டிகளுக்குப் போகிறேன். இதுவரை 24 ரேட்டட் ஆட்டங்கள் ஆகியிருக்கின்றன. போன போட்டியில் மூன்று பள்ளிப் பிள்ளைகளிடம் தோற்று 1580-இலிருந்து 1502-க்கு இறங்கிவிட்டேன். ஆன்லைனில் 1900 இருக்கிறேன். ஒரு பயிற்சியாளர் 'ஆறு மாதத்தில் 1800, உத்தரவாதம்' என்று சொல்லி 45,000 ரூபாய் கேட்கிறார். ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) வீடியோக்களும் தருவாராம். அவருடைய நோட்டீஸையும், நகர்த்தல்களை எழுதிய என் ஸ்கோர்ஷீட்களையும் அனுப்பியிருக்கிறேன். கட்டலாமா? இந்த வயதில் முன்னேற முடியுமா?

பதில்: கட்டாதீர்கள். முன்னேற முடியும். இரண்டாவதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த நோட்டீஸைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதே மாதிரி நோட்டீஸோடு என்னிடம் வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

அதில் இரண்டு மாணவர்களின் படம் இருக்கிறது. ஒருவர் '1300-இலிருந்து 1580, ஒரே மாதத்தில்'. இன்னொருவர் '1200-இலிருந்து 1520'. எண்கள் பொய்யில்லை. ஆனால் அதில் பயிற்சிக்கு எந்தப் பங்கும் இல்லை. 2024 மார்ச் 1 அன்று உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, 2000-க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கை ஒட்டுமொத்தமாக உயர்த்தியது. 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ, அதில் 40 சதவீதத்தைக் கூட்டினார்கள். 1300 என்றால் குறைவது 700, அதில் 40 சதவீதம் 280, கூட்டினால் 1580. 1200-க்கு 320 சேர்ந்து 1520. நோட்டீஸில் இருப்பது அப்படியே இந்தக் கணக்கு. அந்த மாதம் காயையே தொடாமல் வீட்டில் இருந்தவருக்கும் இதே ஏற்றம் கிடைத்தது. யார் இப்படி எண்ணைக் காட்டினாலும் ஃபிடே இணையதளத்தில் அந்த மாணவரின் பெயரைத் தேடுங்கள். மாதவாரியாக வரைபடம் இருக்கும். 2024 மார்ச்சை விட்டுவிட்டு மற்ற மாதங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

'உத்தரவாதம்' என்ற சொல் எனக்கு இன்னும் பயம் தருகிறது. போர்டில் உட்காரப் போவது நீங்கள். எதிரே யார் வருவார் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் எப்படி உத்தரவாதம்? ஒரே ஒரு வழிதான் உண்டு: முடிவைப் பேசி வைப்பது. என்னிடம் படித்த ஒருவரை ஒரு போட்டி முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து ஓர் இடைத்தரகர் பிடித்து, 'நாலு ஆட்டம் ஏற்பாடு பண்ணித் தரேன் சார், எவ்வளவு புள்ளி வேணும்?' என்று கேட்டிருக்கிறார். என் மாணவர் நல்லவேளையாக மறுத்துவிட்டு வந்துவிட்டார். பிடிபட்டால் ஆடியவர் மேலும் தடை விழும். உங்கள் பயிற்சியாளர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணை உத்தரவாதம் செய்கிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இப்போது அந்த 78 புள்ளிக்கு வருவோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எவ்வளவு ஏறும், இறங்கும் என்பதை 'கே' என்று ஓர் எண் தீர்மானிக்கிறது. பெரியவர்களுக்கு அது 20 என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உங்களுக்கு அது 20 இல்லை, 40. புதிதாக ரேட்டிங் வாங்கியவர் 30 ஆட்டங்கள் முடிக்கும் வரை, வயது எதுவானாலும், 40-தான். நீங்கள் 24-இல் இருக்கிறீர்கள். 1580-இல் இருந்துகொண்டு 1450 ரேட்டிங் உள்ள பையனிடம் தோற்றால் 27 புள்ளி போகும். 30 ஆட்டம் தாண்டியவருக்கு அதில் பாதி, 13 சொச்சம்தான் போகும். ஆக, மூன்று தோல்விக்கு 78 போனது உங்கள் ஆட்டம் சரிந்ததால் இல்லை, கணக்கு அப்படி. இன்னும் ஆறு ஆட்டம் இதே நிலைதான், ஏறினாலும் இரட்டிப்பாக ஏறும். அது முடிவதற்குள் ரேட்டிங்கை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். சிலர் பதறிப் போய் இந்த ஆறு ஆட்டத்துக்காகவே வருடக்கணக்கில் போட்டிக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். அது வேண்டாம்.

அந்தப் பிள்ளைகளுடைய ரேட்டிங்கையும் நம்பாதீர்கள். தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி எடுக்கும் பத்து வயதுப் பையனின் பலம் அவன் ரேட்டிங்கைவிட எப்போதும் சில மாதம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஆன்லைன் 1900-ம் அப்படித்தான்: அது வேறு கூட்டம், வேறு கணக்கு. இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

சரி, ஸ்கோர்ஷீட்கள். மூன்று தோல்வியையும் போர்டில் வைத்து ஆடிப் பார்த்தேன். மூன்றிலும் 15-வது நகர்த்தல் வரை உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றில் நீங்கள்தான் மேலே இருந்தீர்கள். அப்படியிருக்க ஓப்பனிங் வீடியோ எதற்கு? உங்களுக்கு வலிப்பது முழங்காலில், அவர் தோளுக்குத் தைலம் விற்கிறார்.

ஆறாவது ரவுண்டைப் பாருங்கள். ஒரு சிப்பாய் அதிகமாக இருந்தது. 47-வது நகர்த்தலில் யானைக்கு யானை வெட்டிக்கொண்டீர்கள். 'காய் குறைந்தால் எளிது' என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் வெட்டியதும் மிச்சம் இருந்தது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். பையனுடைய ராஜா உங்கள் சிப்பாய்களுக்கு இரண்டு கட்டம் பக்கத்தில் நின்றது. ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. இது சாதாரண ஆட்களுக்கு மட்டும் வரும் தவறு என்று வருந்த வேண்டாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம். அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென், சவால் விட்ட குகேஷுக்கு எதிராக, 55-வது நகர்த்தலில் யானைகளை வெட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். குகேஷ் யானையை வெட்டினார், அடுத்து பிஷப்பையும் கட்டாயமாக வெட்டிக்கொள்ளும்படி செய்தார். வெறும் சிப்பாய் ஆட்டம், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். 58-வது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். போனில் வேண்டாம், மரப் போர்டை எடுங்கள். போட்டியில் கண் பார்க்கப் போவது அதைத்தான். நடுப்பகுதியில் வெள்ளைச் சிப்பாயை ஐந்தாவது வரிசையில் வையுங்கள். அதற்கு நேர் முன்னால், ஆறாவது வரிசையில், வெள்ளை ராஜா. கடைசி வரிசையில் அதற்கு நேர் எதிரே கறுப்பு ராஜா. யார் நகர்த்தும் முறையானாலும் வெள்ளை ஜெயிக்கும். இரண்டு பக்கமும் நீங்களே ஆடி, பத்து தடவை ஜெயித்துப் பாருங்கள். அப்புறம் ராஜாவைச் சிப்பாய்க்குப் பின்னால் வைத்து, கறுப்பு ராஜாவைச் சிப்பாய்க்கு நேர் முன்னால் நிறுத்துங்கள். கறுப்பு சரியாக ஆடினால் டிரா. இந்த வித்தியாசம் விரலுக்கே தெரிந்துவிட்டால் 47-வது நகர்த்தலில் யானையைத் தொட்டிருக்க மாட்டீர்கள். இதற்கு 45,000 ரூபாய் வேண்டாம்.

இன்னொரு விஷயம் உங்கள் ஷீட்டில் இல்லவே இல்லை: கடிகாரம். ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை மிச்ச நேரத்தை ஓரத்தில் எழுதுங்கள், விதி அதை அனுமதிக்கிறது. ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 30 வினாடி என்ற கணக்கில் 20-வது நகர்த்தலின்போது கையில் 50 நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. உங்களுக்கு அப்போது அரை மணி நேரம்கூட இருந்திருக்காது என்று நினைக்கிறேன். கடைசிப் பக்கங்களில் கையெழுத்தே அதைச் சொல்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். எங்கே தடுமாறினீர்கள், அப்போது என்ன நினைத்தீர்கள் என்பதை முதலில் பேனாவால் எழுதுங்கள். மறுநாள் லிசெஸ் என்ற இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், ஆட்டத்தை அலசும் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் அங்கே இலவசம். 'எஞ்சின் ரிப்போர்ட்' என்று அந்தப் பயிற்சியாளரின் நோட்டீஸில் ஒரு வரி இருக்கிறதே, அது இதேதான். தினமும் அரை மணி நேரம் புதிர்கள். காயை நகர்த்தாமல், முழு வழியையும் மனதில் பார்த்த பிறகே பதில்.

உங்கள் வயதுக்காரர்களுக்கு உண்மையான தடை மூளை இல்லை, நம் போட்டிகள் நடக்கும் விதம். ஒரே நாளில் இரண்டு ரவுண்ட், சில நாள் மூன்று. முதல் ஆட்டம் நாலு மணி நேரம் ஓடினால் சாப்பிட இருபது நிமிடம். ஒரு நாளில் 12 மணி நேரம் வரை ஆடலாம் என்று விதி இருக்கிறது, அமைப்பாளர்களும் மண்டப வாடகையை நினைத்து அதை முழுக்கப் பயன்படுத்திவிடுகிறார்கள். 9 வயதுக்கு, 11 வயதுக்கு, 13 வயதுக்கு என்று கோப்பைகள் வரிசையாக நிற்கும். லீவு போட்டு வந்த 41 வயதுக்காரருக்கு ஒரு நாற்காலிகூட ஒழுங்காக இருக்காது. அதே நுழைவுக் கட்டணம்தானே கட்டுகிறார்? இதைப் பலமுறை கேட்டுவிட்டேன், பதில் இல்லை.

அதனால் வருடத்துக்கு மூன்று போட்டி போதும். ஒரு நாளில் ஒரு ரவுண்டோ, அதிகபட்சம் இரண்டோ வைக்கும் போட்டியாகத் தேடுங்கள். முதல் ரவுண்டுக்கு முந்தைய இரவே ஊர் போய்ச் சேர்ந்து தூங்குங்கள்; அந்த 45,000-இல் கொஞ்சத்தை லாட்ஜுக்குச் செலவழித்தால் பலன் உண்டு. பயிற்சியாளர் வேண்டும் என்றால், மாதத்துக்கு ஒருமுறை உங்கள் தோல்விகளை மட்டும் உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறவராக, அந்தந்த வகுப்புக்கு மட்டும் பணம் வாங்குகிறவராகப் பாருங்கள்.

அடுத்த போட்டி முடிந்ததும் ஸ்கோர்ஷீட்களை மறுபடி அனுப்புங்கள். இந்த முறை ஓரத்தில் நேரம் இருக்க வேண்டும்.