ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள்

கேள்வி: வேலைத் திருப்தியை அளக்க, “சம்பளமும் மேலதிகாரியும் உங்களுக்குத் திருப்தியா?” என்று கேட்டிருக்கிறேன். என் ஆய்வு வழிகாட்டி இதை நீக்கச் சொல்கிறார். ஏன்?

பதில்: நீக்கத்தான் வேண்டும். சம்பளம் பிடித்து, மேலதிகாரியைப் பிடிக்காதவர் என்ன சொல்வார்? “இல்லை” என்றால் எது இல்லை? பிறகு பிரித்தெடுக்க வழியே கிடையாது.

முதலில், வேலைத் திருப்தி என்றால் உங்கள் ஆய்வில் என்ன பொருள் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். பலர் தாண்டிப்போகும் படி இது. அதைச் சம்பளம், மேற்பார்வை, சக ஊழியர், பதவி உயர்வு எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு கூற்றுகள் அமையுங்கள். 1 (சற்றும் ஒப்பவில்லை) முதல் 5 (முழுமையாக ஒப்புகிறேன்) வரையிலான 5 புள்ளி அளவுகோல் போதும். எதிர்மறைக் கூற்றுகளில் 1ஐ 5 ஆகவும், 2ஐ 4 ஆகவும் திருப்பிப் போட மறந்தால், கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்ணான குரோன்பாக் ஆல்பா சரிந்துவிடும். அது, போதுமென்று பொதுவாகக் கருதப்படும் 0.7ஐத் தாண்டினாலும் கூற்றுகள் ஒத்துப்போகின்றன என்றுதான் பொருள். திருப்தியைத்தான் அளந்தீர்கள் என்பதற்கு அது சான்றாகாது.