போகிமான் வீடியோ விளையாட்டில் வரும் காப்பராஜா என்ற கற்பனை உயிரி நம்ம ஊர் யானையா? பெயர் எப்படி வந்தது?

ஆமாம், இந்திய யானைதான் அடிப்படை என்றே நினைக்கிறேன். 2019-இல் வந்த 'சுவோர்ட்', 'ஷீல்டு' விளையாட்டுகளில் அறிமுகமானது. காப்பர், ராஜா இரண்டையும் ஒட்டியதுதான் பெயர். ஜப்பானியப் பெயர் டாயோடோ: 'டாயோ' பேரரசன், 'டோ' செம்பு. குட்டியின் பெயர் கியூஃபண்ட். செம்பின் வேதிக் குறியீடு 'சியூ', அப்புறம் எலிஃபண்ட்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நிறம். குட்டி பெரும்பாலும் செம்பு நிறம், வளர்ந்ததும் பச்சை. தருமபுரிப் பக்கம் வீட்டில் புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறுமே, அதே மாற்றம்தான்! வயதை நிறத்திலேயே காட்டிவிட்டார்கள். அபாரமான வடிவமைப்பு.

காப்பராஜாக்கள் வேறு பகுதியிலிருந்து வந்து மனிதர்களோடு வேலை செய்தவை என்று விளையாட்டின் குறிப்பு சொல்கிறது. கதை நடக்கும் காலார், பிரிட்டனை மாதிரியாகக் கொண்ட பகுதி. ராஜா என்ற பெயரையும் சேர்த்துப் பார்த்தால் காலனிக் காலம்தான் நினைவுக்கு வருகிறது.

ராகி அறுவடை சமயத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கும் கூட்டங்களும் இதே ஆசிய யானை இனம்தான். ஆனால் அவை யாருக்கும் வேலை செய்யாத காட்டு யானைகள். கிட்டே போய்ப் படம் எடுக்காதீர்கள்.