ஏ.என்.ஏ. ரிப்போர்ட்டில் ‘ஸ்பெக்கிள்டு’ என்று மட்டும் போட்டிருந்தால்?

உங்கள் அம்மாவின் ஏ.என்.ஏ. டெஸ்ட்டில் (உடலின் சொந்த செல் கருவையே குறிவைக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்த டெஸ்ட்) ஒரு லேபில் ‘ஸ்பெக்கிள்டு’, அதாவது புள்ளிபுள்ளியான பேட்டர்ன் என்றும், பத்து நாள் கழித்து இன்னொரு லேபில் ‘டென்ஸ் ஃபைன் ஸ்பெக்கிள்டு, ஏசி-2’ (ஏசி என்பது பேட்டர்னுக்கான சர்வதேச எண்) என்றும் வந்திருக்கிறது, யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதல் லேப் எந்த வகை ஸ்பெக்கிள்டு என்று சொல்லாமல் பாதியில் நிறுத்திவிட்டது, அவ்வளவுதான்.

மதுரையில் சில வருடம் இந்த ஸ்லைடுகளைப் பார்த்தவன் நான். எங்கள் சின்னம்மாவும் இதில் மாட்டினார். பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுக்கிறவர். விரல் மூட்டு வலிக்கிறது என்று டெஸ்ட் எடுத்ததில் ‘பாசிட்டிவ், ஸ்பெக்கிள்டு’. “ரிப்போர்ட்லயும் பாசிதானாடா?” என்று சிரித்தவர், கவுண்டரில் யாரோ “லூபஸா இருக்கும்” என்று, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோயின் பெயரைச் சொன்னதும் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கரையில் எடை போடும்போது வெறும் ‘பாசி’ என்றால் வியாபாரி விலை சொல்லமாட்டார். மரிக்கொழுந்தா, கஞ்சிப்பாசியா, கட்டக்கோரையா என்றுதான் கேட்பார். வெறும் ‘ஸ்பெக்கிள்டு’ என்பதும் அப்படித்தான்.

ஸ்லைடில் இருப்பவை ஹெப்-2 செல்கள், ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்கள். நோயாளியின் சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் இந்தச் செல்கள் பச்சையாக ஒளிரும். பிரியாமல் இருக்கும் சாதாரண செல்களை மட்டும் பார்த்தால் எல்லாம் புள்ளிபுள்ளியாகவே தெரியும், ஏமாந்துவிடுவோம். பிரிந்துகொண்டிருக்கும் செல்லைத் தேட வேண்டும். அதன் நடுவில் குரோமோசோம்கள் ஒரு பட்டைபோல் அணிவகுத்து நிற்கும். பட்டை இருட்டாகவும் சுற்றுப்புறம் பச்சையாகவும் இருந்தால் ஏசி-4 அல்லது ஏசி-5. பட்டையும் புள்ளிபுள்ளியாக ஒளிர்ந்தால் ஏசி-2. அப்படிப்பட்ட செல் ஒரு பார்வையில் இரண்டோ மூன்றோதான் கிடைக்கும். சாயங்காலம் நாற்பதாவது ஸ்லைடில் கண் அதைத் தாண்டிப் போய்விடும், எனக்கும் போயிருக்கிறது.

வித்தியாசம் பெரியது. ஏசி-4 என்றால் எஸ்.எஸ்.ஏ., எஸ்.எஸ்.பி. என்ற எதிர்ப்பொருள்களைப் பார்க்கச் சொல்வார்கள், கண்ணும் வாயும் உலரும் ஷோக்ரன் நோய், லூபஸ் பக்கம் போகும். ஏசி-5இல் ஸ்மித், ஆர்.என்.பி. எதிர்ப்பொருள்கள். ஏசி-2 நோயே இல்லாதவர்களிடமும் நிறையவே வரும். ஆனால் அதைக் கண்ணால் மட்டும் முடிவுசெய்யாமல், டி.எஃப்.எஸ்.70 என்ற எதிர்ப்பொருளுக்கான தனி டெஸ்ட்டால் உறுதிப்படுத்த வேண்டும்.

ஆளுக்கொரு பெயர் வைத்த இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2014இல் பிரேசிலின் சாவ் பாலோவில் ஐகேப் என்ற சர்வதேசக் குழு ஏசி-1 முதல் ஏசி-28 வரை எண் கொடுத்தது. பிறகு நெகட்டிவுக்கு ஏசி-0, கூடவே ஏசி-29 சேர்ந்தன. எண்ணைப் போடாமல் பெயரை மட்டும் எழுதும் லேப் என்றால் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வரும்.

முதல் லேபுக்கு போன் போட்டு ஏசி எண்ணையும், எந்த டைட்டர் (சீரத்தை எவ்வளவு நீர்க்கச் செய்தும் ஒளிர்கிறது என்ற அளவு) என்பதையும் கேளுங்கள். 1:80க்கும் 1:640க்கும் எடை வேறு. ஸ்லைடு பார்க்காத எலைசா முறையில் செய்திருந்தால் பேட்டர்னே தெரியாது, அதையும் கேட்டுவிடுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்து மூட்டுவாத நிபுணரிடம் கொடுங்கள். வாய் உலர்வு, வெயில் பட்டால் தடிப்பு, காலை விறைப்பு இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். ஏசி-2 என்பதற்காக அவற்றைத் தள்ளிவிடக் கூடாது.

சின்னம்மாவுக்கும் மறுபடி பார்த்ததில் ஏசி-2தான், டி.எஃப்.எஸ்.70 பாசிட்டிவ், மற்றவை நெகட்டிவ். டாக்டர் ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்துவிட்டு, பாறையில் பாசி பிய்த்துப் பிய்த்து வந்த வலி என்றார். சின்னம்மா மறுவாரமே கடலுக்குப் போய்விட்டார்.