25 வயதிலிருந்தே இறங்குமுகமா?

வணக்கம். எனக்கு 58 வயது. அறிவுத்திறன் 25 வயதிலிருந்தே சரிவதாக ஒரு வரைபடம் பார்த்தேன். எனக்கும் பழகியவர்கள் பெயர் சட்டென்று வரமாட்டேன் என்கிறது. மூளைப் பயிற்சிச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா?
- கே.

அன்புள்ள கே.,

அந்த மாதிரி வரைபடங்கள் பெரும்பாலும் 25 வயதுக்காரரையும் 70 வயதுக்காரரையும் ஒரே சமயத்தில் சோதித்து வரைந்தவை. மூத்தவர் படித்த பள்ளிக்கூடம் வேறு, இத்தகைய வினாத்தாளோடு அவருக்குப் பழக்கமும் குறைவு. தலைமுறை வித்தியாசம் முழுக்க வயதின் கணக்கில் ஏறிவிடுகிறது.

உளவியலாளர் வார்னர் ஷாய் 1956இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு, அதே ஆட்களை 7 ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தது. சொல்லறிவும் தர்க்கமும் சராசரியாக 60 வரை பெரிதாக இறங்கவில்லை. வேகம் மட்டும் முன்பே குறைந்தது. இந்த முறையிலும் ஓட்டை உண்டு: திரும்பி வருபவர்கள் திடமானவர்கள், தாளும் பழகிவிடும். அதனால்தான் ஷாய் ஒவ்வொரு சுற்றிலும் புது ஆட்களையும் சேர்த்தார்.

1986இல் அவரும் சக ஆய்வாளர் ஷெரி வில்லிஸும் 64 வயது தாண்டியவர்களுக்கு 5 மணிநேரப் பயிற்சி கொடுத்தார்கள். அதிலிருந்த எழுத்துத் தொடர்க் கணக்கைத் தமிழில் இப்படிப் போடலாம்: க ம ச ம ட ம __. வாய்விட்டுப் படியுங்கள். திரும்ப வரும் 'ம'வை அடிக்கோடிடுங்கள். மிச்சம் க, ச, ட. நடுவில் விடுபட்ட ங, ஞ இரண்டுக்கும் சிறு கோடு போட்டால் அடுத்தது 'த' என்று தெரிந்துவிடும். பயின்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முன்னேறினர். சரிந்திருந்தவர்களில் சுமார் 40 சதவீதத்தினர் 14 ஆண்டுக்கு முந்தைய நிலைக்கே திரும்பினர்.

ஆனால் பயின்றதுதான் வளரும். அமெரிக்காவில் 65 கடந்த 2,802 பேரிடம் நடந்த 'ஆக்டிவ்' ஆய்வில் நினைவாற்றல் பயின்றவர்களுக்குத் தர்க்கம் கூடவில்லை. சந்தா கட்டினால் அந்த விளையாட்டில் கெட்டிக்காரராவீர்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் நழுவுவதற்கு ஒரு காரணம், ஆளைப் பற்றி அது எதையும் சொல்லாதது. 'தச்சர்' என்றால் உளியும் மரமும் கண்ணில் வரும், 'சுந்தரம்' என்றால் என்ன வரும்? புதுப் பெயரைக் கேட்டவுடன் ஒருமுறை சொல்லுங்கள். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரைமணி என்று இடைவெளியைக் கூட்டி, பார்க்காமல் நினைவுகூருங்கள். எழுதி வைத்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பது இதற்கு ஈடாகாது.

பழகிய தெருவில் வழி தவறுவது, வங்கிக் கணக்கு குழம்புவது, சொன்னதையே சொல்வதாக வீட்டார் கவனிப்பது - இவை வேறு விஷயம். அப்போது நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பி12, தைராய்டு குறைபாடுகளும் மறதியைக் கொண்டுவரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.